ஒக்டோபரில் புதைத்த பணம்: ரொறன்ரோ வளவில் வசந்தகாலக் கிழங்குகள்

வசந்தத்தின் முதற்பூக்களைத் தரும் கிழங்குகளை வளர்ப்பதில் வேறெந்தத் தோட்டவேலையிலும் இல்லாத ஒரு சங்கடம் உண்டு. காசு ஒக்டோபரில் போகிறது, அது வீணானதா இல்லையா என்பது மறு ஏப்ரலில்தான் தெரியவருகிறது. தக்காளிக் கன்று வாடினால் அன்று மாலையே தண்ணீர் விடலாம், மிளகாயில் பூச்சி பிடித்தால் அந்த இலையைக் கிள்ளி எறியலாம். ஸ்னோடிராப், குரோக்கஸ், டஃபோடில், துலிப் என்று கடைகளில் வலைப்பைகளில் தொங்கும் கிழங்குகளுக்கோ ஆறு மாதம் மண்ணுக்கடியிலும் பனிக்கடியிலும் என்ன நடக்கிறது என்று பார்க்க வழியே இல்லை. பார்க்கக் கிடைக்கும்போது திருத்துவதற்குரிய காலம் கடந்துவிட்டிருக்கும். ஆகவே ஒரேயொரு காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழு வருடம் செலவாகிறது, காரணங்களோ பல. முந்நூறு டொலருக்கு மேலும் சில வசந்தங்களும் போனபின் எனக்குத் தெரியவந்தவற்றை, ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் புதிதாக வீடு வாங்கி முன்வளவில் பூ வைக்க ஆசைப்படுபவர்களுக்காக எழுதுகிறேன்.

ஸ்காபரோவில் அடுக்குமாடியில் இருந்த காலத்தில் எனக்கு இந்தப் பூக்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஏஜக்ஸில் புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் குடிவந்த பிறகு வந்த மார்ச் மாதத்தில், பக்கத்துத் தெருவில் இத்தாலிய மூதாட்டி ஒருவரின் வீட்டு வேலியோரம் பனி முற்றாகக் கரையாத மண்ணிலிருந்து வெள்ளை ஸ்னோடிராப் பூக்கள் தலைகவிழ்ந்து நின்றதைக் கண்டேன். ஐந்து மாதமாக வெள்ளையையும் சாம்பல் நிறத்தையும் தவிர வேறெதையும் பார்க்காத கண்ணுக்கு அந்தப் பச்சைத் தண்டுகளே போதுமாக இருந்தன. ஊரில் கார்த்திகைப்பூக் கிழங்கு கோடை முழுவதும் மண்ணுக்குள் உறங்கி, மழை விழுந்ததும் வேலியில் கொடியேறிப் பூக்கும் அல்லவா, அதே ஏற்பாடுதான் இங்கும். அங்கே உறக்கம் வறட்சிக்கு, இங்கே கோடைக்கும் குளிருக்கும் சேர்த்து. ஆனால் குளிர் இந்தக் கிழங்குகளுக்கு வெறும் இடர் அல்ல, தேவை. துலிப்புக்கு ஏறத்தாழ 12 முதல் 16 வாரம் வரை 9 பாகை செல்சியஸுக்குக் கீழான குளிர் கிடைக்காவிட்டால் தண்டு நீளாது, பூ ஒழுங்காக வராது. அந்தக் குளிர் தொடங்குமுன் மண்ணில் இன்னும் சிறிது சூடு இருக்கும் சில வாரங்களில் அது வேர்விட்டுக்கொள்ள வேண்டும். இலையுதிர் காலத்தில் நடுவதன் காரணம் இவ்வளவுதான்.

முதல் இலையுதிர் காலத்தில் பெரிய கடையொன்றில் குரோக்கஸும் துலிப்பும் கலந்து நூறு டொலருக்குச் சற்றுக் கூடுதலாக வாங்கி, ஒரு ஞாயிறு மாலை முழுவதும் முழங்காலில் இருந்து நட்டேன். மறுநாள் காலை வேலைக்குப் புறப்படும்போது முன்வளவு முழுவதும் குழிகள். பாதி கடிக்கப்பட்ட குரோக்கஸ் கிழங்குகள் நடைபாதையில் கிடந்தன. கறுப்பு அணில் ஒன்று வேலியில் இருந்தபடி இன்னொன்றை உரித்துக்கொண்டிருந்தது. கோபத்தைவிட அவமானம்தான் கூடுதலாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் உண்மை அதுதான். இங்கே கறுப்பாகவும் சாம்பலாகவும் திரியும் அணில்கள் இரண்டும் ஒரே இனம். அவை இலையுதிர் காலத்தில் தாங்களே கொட்டைகளைப் புதைத்துத் திரிவதால் புதிதாகக் கிளறிய மென்மையான மண் எங்கிருந்தாலும் தோண்டிப் பார்க்கும். நடும்போது உதிரும் கிழங்கின் மெல்லிய தோல் மண்மேல் கிடந்தால் அதன் மணமும் அவற்றுக்கு வழிகாட்டிவிடும். அதனால் நட்டு முடித்ததும் அந்தத் தோல்களைப் பொறுக்கி எடுத்து, மண்ணை நன்றாக அமுக்கித் தண்ணீர் ஊற்றி, உதிர்ந்த இலைகளைப் பரப்பி, தோண்டிய அடையாளமே தெரியாமல் செய்துவிட வேண்டும்.

அதன்பிறகு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நம்மவர்கள் எல்லோரும் முதலில் சொன்னது மிளகாய்த்தூள். காரம் பாலூட்டிகளுக்கு எரியும் என்பது சரிதான், ஆனால் ஒரு மழை பெய்தால் அது மண்ணோடு போய்விடும், நவம்பரில் இங்கே பெய்யாத வாரம் அரிது. கறிக்கு வாங்கிய தூளில் ஒரு பெரிய பை அப்படியே கரைந்தது. மேலும் அணில் அந்தக் கையோடு கண்ணைத் துடைத்துக்கொள்ளும் என்று நினைத்தபோது எனக்கே மனம் ஒப்பவில்லை. அந்துருண்டை போடச் சொன்னவர்களும் உண்டு. அது நச்சுப்பொருள், வீட்டுக்கு வெளியே மண்ணில் போட அனுமதிக்கப்பட்டதும் அல்ல, குழந்தைகள் திரியும் வளவில் நினைத்துப் பார்க்கவே கூடாதது. குழியில் எலும்புத்தூள் இடுமாறு உறைகளில் அச்சிட்டிருப்பதையும் நம்ப வேண்டாம். அந்த மணத்துக்கு ரக்கூனும் ஸ்கங்கும் வந்து, அணில் விட்டுவைத்ததையும் கிளறிப்போட்டன. நல்ல கிழங்கு முதலாவது வசந்தத்துக்கு வேண்டிய உணவைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால் நடும்போது உரம் அவசியமே இல்லை.

பலன் தந்தது கோழிக்கூட்டுக்குப் பயன்படுத்தும் கம்பிவலைதான். கண் அகலம் 2.5 சென்ரிமீற்றர் உள்ளதை வாங்கி, நட்ட இடத்தின்மேல் விரித்து, ஓரங்களை மண்ணுக்குள் மடித்து, மேலே கற்களை வைத்துவிட்டால் அணில் கொஞ்ச நேரம் பிறாண்டிவிட்டுப் போய்விடும். முளைகள் அந்தக் கண்களுக்குள்ளால் வெளியே வரும். நான் குளிர்காலம் முழுவதும் வைத்திருந்து, முளை தலைகாட்டும்போது தூக்கிவிடுகிறேன், ஏனெனில் இலை விரிந்தபின் வலையை எடுப்பது இலையைக் கிழிப்பதில்தான் முடியும். வலையின் விலை ஒரு பை துலிப்பைவிடச் சற்றே கூடுதல், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். முதல் வருடமே யாராவது சொல்லியிருந்தால் நூறு டொலர் மிஞ்சியிருக்கும்.

வலையைவிடவும் நல்லது, அணில் தொடாத வகைகளைத் தேர்ந்துகொள்வது. டஃபோடில் கிழங்கில் லைகோரின் என்ற நச்சு இருக்கிறது. ஸ்னோடிராப்பும் அதே குடும்பம்தான், அதிலுள்ள கலன்ரமின் என்ற பொருள்தான் அல்சைமர் நோய்க்குக் கொடுக்கப்படும் மாத்திரைகளில் ஒன்றாகவும் இருக்கிறது. இரண்டையும் அணிலும் முயலும் தொடுவதில்லை. சிறிய நீலப்பூக்கள் தரும் சில்லாவையும் பெரும்பாலும் விட்டுவிடும், ஆனால் சைபீரியச் சில்லா தானாக விதை சிந்திப் பரவிப் பக்கத்து வளவுக்கும் காட்டுக்கும் போய்விடக்கூடியது, ஆகவே பள்ளத்தாக்கை ஒட்டி வீடு இருந்தால் வைக்காமல் விடுவதே நாகரிகம். குரோக்கஸ் வேண்டுமென்றே ஆசைப்படுபவர்கள் ரொமாசினியானஸ் என்ற வகையைக் கேட்டு வாங்கலாம். பெரிய பூ வகைகளைவிட அதை அணில் குறைவாகவே தேடுகிறது, பூப்பதும் அவற்றுக்கு முன்பே.

அணிலை வென்றபின் அடுத்த ஏப்ரலிலும் பாதி இடம் வெறுமையாகக் கிடந்தபோது உண்மையிலேயே சோர்ந்துபோனேன். தோண்டிப் பார்த்தால் கிழங்கு இருந்த இடத்தில் நாற்றமெடுத்த கூழ். காரணம் மண். புதிய குடியிருப்புகளில் வீடு கட்டும்போது மேல்மண்ணைச் சுரண்டியெடுத்து, கனரக வண்டிகளை ஓட்டி, அடிக்களிமண்ணை இறுக்கிவிட்டு, கடைசியில் மேலே மெல்லிய மண்ணும் புல்தரையும் விரித்துவிடுகிறார்கள். மார்ச்சில் மேல்மண் இளகும்போது கீழே இன்னும் உறைந்திருக்கும். கரையும் பனிநீருக்குப் போக வழியில்லை, கிழங்கு வாரக்கணக்கில் நீரில் கிடக்கும். குளிரைத் தாங்கும் கிழங்கு ஈரத்தைத் தாங்காது என்பதை எந்தப் பையின் உறையிலும் போதிய அழுத்தத்தோடு எழுதுவதில்லை. துலிப்பின் பூர்வீகம் மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகள், கோடையில் காய்ந்து வெடிக்கும் நிலம். அதை நம் களிமண் தொட்டிக்குள் வைத்தால் என்ன ஆகும்?

வாங்குமுன் செய்துபார்க்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மீண்டும் நிரப்புங்கள். சில மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் கிழங்கு வைக்காதீர்கள். மணல் கலந்தால் சரியாகிவிடும் என்று கேட்டு நானும் பைபையாகச் சுமந்தேன், ஆனால் களிமண்ணில் கொஞ்சம் மணல் கலப்பது சீமெந்துக்குக் கலவை போடுவது போலத்தான் முடிந்தது. பயன் தந்தது கூட்டெருவும் உயர்த்திய பாத்தியும். தோட்டமண்ணும் கூட்டெருவும் கலந்து தரையிலிருந்து 25 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பாத்தி எழுப்பியதற்கு நூற்றைம்பது டொலர் அளவில் பிடித்தது. இந்தச் செலவை மாத்திரம் நான் நட்டத்தில் சேர்ப்பதில்லை. இன்னொன்று, இங்கே எல்லோரும் செய்வது: கார் நிறுத்தும் பாதையிலிருந்து வாரும் பனியை ஓரத்துப் பாத்தியில் குவிப்பது. அந்தப் பனியோடு உப்பும் சேர்ந்து போகிறது, அது வேரையும் கெடுக்கும், களிமண்ணை மேலும் இறுக்கவும் செய்யும். ஓரத்தில் வைத்த டஃபோடில்கள் இலைநுனி கருகிக் குன்றியதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பனிக் குவியலை மறுபக்கம் மாற்றியபின் அதே கிழங்குகள் தேறிவிட்டன.

ஸ்னோடிராப் எனக்குத் தந்த ஏமாற்றம் வேறு வகையானது. ஒக்டோபர் கடைசியில் மலிவு விலையில் வாங்கியவை ஒன்றுகூட முளைக்கவில்லை. துலிப்பைப் போலத் தடித்த தோல் அதற்கு இல்லை. கடையின் சூட்டில் வாரக்கணக்கில் தொங்கினால் உள்ளேயே காய்ந்துவிடும், கையில் எடுத்தால் நெல் உமி போல எடையின்றி இருக்கும். வாங்குவதானால் செப்ரெம்பரில் பெட்டி திறந்தவுடன் வாங்கி, அந்த வாரமே நட்டுவிட வேண்டும். அதைவிடச் சிறந்த வழி, பூத்து முடிந்ததும் இலை பச்சையாக இருக்கும்போதே ஒரு கொத்தைப் பிரித்து மண்ணோடு வாங்கி உடனே நடுவது. பிரித்தானியாவில் ஸ்னோடிராப்பை இப்படி விற்பதும் வழக்கம். நான் துணிந்து கதவைத் தட்டிக் கேட்டபோது பக்கத்துத் தெரு இத்தாலிய மூதாட்டி மண்வெட்டியை என் கையிலேயே கொடுத்து, வேண்டியதை வெட்டிக்கொள்ளச் சொன்னார். கூட்டம் நெருங்கினால் பூ குறையும், பிரித்துக் கொடுப்பது தனக்கும் நல்லது என்றார். ஆகவே கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். கடைசி நேர மலிவு விற்பனை துலிப்புக்கு மட்டுமே பொருந்தும். மண் உறையாமல் இருந்தால் அதை நவம்பர் முடியும்வரைகூட நடலாம். தோலில் சிறிது நீலப்பூசணம் இருந்தாலும் பரவாயில்லை, அழுத்தினால் கல்லுப் போல் இருக்க வேண்டும். நெகிழ்ந்தால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

நட்டது போக மிஞ்சிய துலிப்களைக் குளிர்சாதனப் பெட்டியில் மரக்கறித் தட்டில் வைத்துப் பின்னர் சாடிகளில் நட்டதும் வீணாயிற்று. இலை செழிப்பாக வந்தது, மொட்டுகள் காகிதம் போல் உள்ளேயே காய்ந்திருந்தன. அதே தட்டில் அப்பிள் இருந்ததுதான் வினை. பழுக்கும் பழங்கள் வெளிவிடும் எதிலீன் வாயு, கிழங்கின் நடுவில் இருக்கும் பூக்கருவைக் கொன்றுவிடும். வெளியே நிறுத்திய சாடிகளில் நிலைமை இன்னும் மோசம். நிலத்தில் குளிர் மேலிருந்து மட்டுமே இறங்கும், சாடியை அது நான்கு பக்கமும் சூழ்ந்து கிழங்கைக் கல்லாக்கிப் பின்னர் கூழாக்கும். சாடியில் வளர்க்க விரும்புபவர்கள் சூடேற்றாத கராஜில் சுவரோரம் வைத்து, மண் முற்றாகக் காயாமல் எப்போதாவது சிறிது தண்ணீர் விட்டால் போதும்.

குளிர்சாதனப் பெட்டி என்றதும் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது. ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அம்மா ஒருநாள், “பிள்ளை, இந்தச் சின்ன வெங்காயம் ஏன் இப்பிடிக் காய்ஞ்சு கிடக்கு?” என்று குரோக்கஸ் பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கத்தி பக்கத்தில் இருந்தது. அன்றைக்கு நான் சமையலறையில் நின்றிருக்காவிட்டால் அது கறிச்சட்டிக்குள் போயிருக்கும். அடுத்த தட்டில் இருந்ததோ டஃபோடில், தோற்றத்தில் அசல் வெங்காயம், தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிச்சயம். இலையுதிர் காலத்தில் பூக்கும் குரோக்கஸ் என்ற பெயரில் விற்கப்படும் கொல்சிக்கம் உயிரையே எடுக்கக்கூடியது. கார்த்திகைக் கிழங்கில் இருக்கும் அதே கொல்சிசின் என்ற நஞ்சு அதிலும் இருக்கிறது. நம் வீடுகளில் சமைப்பவர் ஒருவர், தோட்டம் செய்பவர் இன்னொருவர். ஆகவே கிழங்குகளை உணவு வைக்கும் இடத்தில் வைக்கவே வேண்டாம். எங்கே வைத்தாலும் பையின்மேல் பெரிய எழுத்தில் தமிழிலேயே “நஞ்சு, சமைக்கக் கூடாது” என்று எழுதி ஒட்டுங்கள்.

பூத்த பிறகும் வேலை முடிவதில்லை, என் இன்னொரு நட்டம் அங்கேதான் நடந்தது. புல்தரைக்குள் நட்ட குரோக்கஸும் குட்டை டஃபோடிலும் ஒரு வசந்தம் அழகாகப் பூத்தன. மே மாதத் தொடக்கத்தில் புல் வெட்ட வந்தவர் அவற்றின் இலைகளையும் சேர்த்து வழித்துவிட்டுப் போனார். மறு வசந்தம் ஒல்லியான இலைகள் மட்டுமே வந்தன. பூ உதிர்ந்தபின் நிற்கும் அந்த இலைகள்தான் அடுத்த வருடப் பூவுக்கு உணவு சேர்க்கின்றன. டஃபோடிலுக்கு ஆறு வாரமாவது விட வேண்டும், தானாக மஞ்சளாகிச் சாயும்வரை விடுவது மேல். இலைகளை முடிச்சுப் போட்டோ ரப்பர் வளையத்தால் கட்டியோ ஒழுங்குபடுத்துவதும் வெட்டுவதற்குச் சற்றே குறைந்த தீமைதான், வெளிச்சம் படாவிட்டால் இலை நின்று என்ன பயன்? அந்தக் காலத்தில் வளவு பார்க்க அலங்கோலமாக இருக்கும், விருந்தினர் கேட்பார்கள், பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் இப்போது புல்தரையில் நடுவதை விட்டுவிட்டு, தாமதமாகத் துளிர்க்கும் பற்றைகளின் அடியிலும் ஹொஸ்ரா என்ற அகன்ற இலைச் செடிகளுக்கு இடையிலும் நடுகிறேன். கிழங்கின் இலை சாயும் வேளையில் ஹொஸ்ரா விரிந்து அதை மறைத்துவிடும்.

துலிப்பைப் பற்றி என் எதிர்பார்ப்பையே மாற்றிக்கொண்டேன். போர்க்காலத்தில் ஒட்டாவாவில் தஞ்சமிருந்த நெதர்லாந்து இளவரசி ஜூலியானாவுக்கு 1943 ஜனவரியில் அங்கே மகள் பிறந்ததும், போர் முடிந்த 1945இல் அந்நாடு நன்றியாக ஒரு இலட்சம் துலிப் கிழங்குகளை அனுப்பியதும் இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒட்டாவாவின் துலிப் விழாவில் அந்தப் பூக்கடலைப் பார்த்துவிட்டு வந்துதான் கனடா மண்ணில் துலிப் நட்டால் நின்று பூக்கும் என்று நம்பினேன். ஒட்டாவாவில் விழாவுக்குப் பூப்பவை பெரும்பாலும் ஒவ்வோர் இலையுதிர் காலமும் புதிதாக நடப்படுபவை. பகட்டான கலப்பு வகைகள் முதல் வருடம் அள்ளித்தரும், இரண்டாம் வருடம் பாதியாகும், பிறகு இலை மட்டும். ஆகவே வருடத்துக்கு முப்பது டொலர் என்று அளவு வைத்து, போனால் போகட்டும் என்ற எண்ணத்தோடு வாங்குகிறேன். நிலைக்க வேண்டுமானால் ரார்டா போன்ற குட்டைக் காட்டுவகைகளை நாடலாம். வாங்கும்போது பையில் சென்ரிமீற்றரில் போட்டிருக்கும் சுற்றளவைப் பாருங்கள். பெரிய வகைத் துலிப்புக்கு 12 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். மலிவான பெரிய பைகளில் கிழங்கு கூடுதலாக இருக்கும், ஆனால் பல பூக்கும் பருவத்தை எட்டாதவை.

ஆழத்துக்குக் கிழங்கின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு என்ற கணக்குப் போதும்: ஸ்னோடிராப்புக்கும் குரோக்கஸுக்கும் 8 முதல் 10 சென்ரிமீற்றர், டஃபோடிலுக்கு 15, துலிப்புக்கு 15 முதல் 20. துளைகருவியில் பொருத்தும் திருகு அலகு வாங்கினால் முழங்கால் தப்பும், ஆனால் மண்ணுக்கடியில் என்ன கம்பி போகிறதென்று தெரியாமல் அதை இறக்கக் கூடாது. ஒன்ராறியோ வன் கோல் என்ற சேவைக்கு முன்கூட்டியே அறிவித்தால் குழாய்களும் கம்பிகளும் போகும் இடத்தை இலவசமாக அடையாளமிட்டுத் தருவார்கள். ஜனவரியில் திடீரென இளஞ்சூடு வந்து தென்சுவரோரம் முளை தலைகாட்டினால் பதற வேண்டாம், நுனி சற்றுக் கருகும், பூ தப்பிவிடும்.

மே மாதத்தில் இலைகள் சாயுமுன் பாத்தியைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள், நட்ட இடத்தில் ஒரு குச்சியும் ஊன்றுங்கள். ஜூலையில் அந்த நிலம் வெறுமையாகத் தெரியும். ஒக்டோபரில் புதிய பையோடு போய், இடம் காலியாக இருக்கிறதென்று மண்வெட்டியை இறக்கினால், முன்னைய வருடக் கிழங்கு இரண்டு துண்டாகத்தான் மேலே வரும்.